ரிஜெக்ட் பீஸில் வந்த பெயர்

எங்கள் கம்பெனியில் ஒவ்வொரு டிசைனுக்கும் ஒரு பெண்ணின் பெயர் உண்டு. வைப்பது நாங்கள் இல்லை, துணி வாங்குகிற வெளிநாட்டுக்காரர்கள். வெறும் நம்பர் போட்டால் குழம்பிவிடுமாம். அதனால் குழந்தைகள் உடுப்புக்கு ஹானா, மீரியம், லேயா என்று வரிசையாகப் பெயர் வைத்து அனுப்பிவிடுவார்கள். அதற்குப் பிறகு அந்தப் பெயர்களோடு குடித்தனம் நடத்துவது நாங்கள்தான். "ஹானாவுக்கு பட்டன் வரலீங்க", "மீரியத்துக்குக் கழுத்து இழுக்குது", "லேயாவைத் தூக்கி ஓரமாப் போடு" என்று பகல் முழுக்க மேஜைக்கு மேஜை சத்தம் கேட்கும். புதிதாக வேலைக்கு வருகிற பெண்கள், யாரோ வீட்டுப் பொண்ணுகளை இப்படிக் கரித்துக் கொட்டுகிறோமே என்று முதல் நாள் மிரண்டுபோவார்கள்.

என் பெயர் மதுமதி. திருப்பூர் நல்லூரில் இருக்கும் அந்த பனியன் கம்பெனியில் செக்கிங் பகுதிக்கு நான்தான் பொறுப்பு. தைத்து வருகிற ஒவ்வொரு பீஸையும் ட்யூப்லைட்டுக்குக் கீழே விரித்து, ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல் எல்லாம் பார்த்துத் தள்ளுகிற வேலை. பதினேழு வயதில் இந்த மேஜைக்கு வந்தேன், இப்போது நாற்பதைத் தாண்டிவிட்டது. கண்ணில் எந்நேரமும் நீர் கோத்துக்கொண்டு நிற்கும். யாரும் என்ன ஏது என்று கேட்பதில்லை. செக்கிங்காரிக்கு அது இருக்கத்தான் செய்யும்.

இந்த வருஷம் என் உயிரை எடுத்தவள் லேயா. பிறந்த குழந்தைக்குப் போடுகிற, கை கால் எல்லாம் சேர்த்துத் தைத்த உடுப்பு. வெளிறிய ஆரஞ்சு நிறம், நெஞ்சில் ஒரு குட்டி முயல். பார்க்க அத்தனை அழகு. ஆனால் முதல் தடவை உடம்புத் துணி ஒரு நிறமும் கைத் துணி ஒரு நிறமுமாகச் சாயமேறி வந்தது. மறுபடி வெட்டி, மறுபடி தைத்தால், அழுத்தி மாட்டுகிற டிச் பட்டன் இழுத்த இழுப்பில் கையோடு வந்தது. குழந்தை வாயில் போட்டுக்கொண்டால் யார் பதில் சொல்வது? எல்லாவற்றையும் பிரித்துப் பட்டன் மாற்றி, திரும்ப ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும் என்று மேலிடம் சொல்லிவிட்டது. லேயா என்ற சத்தம் காதில் விழுந்தாலே எனக்கு இடுப்பு வலிக்க ஆரம்பித்துவிடும்.

அந்தச் சமயத்தில்தான் என் தம்பி குணாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது.

குணா சாயப்பட்டறை ஆபீஸில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறான். அவன் பெண்டாட்டி தேஜஸ்ரீ. அவன் அவளைக் காதலித்தான், அவள் வீட்டில் அவசரப்படுத்தினார்கள், கல்யாணம் ஆயிற்று. கல்யாணமாகாமல் அக்கா ஒருத்தி இருக்கிறாளே என்று சொந்தத்தில் யாரோ இழுத்தபோது, "அவ பெரிய மனசுக்காரி" என்று அப்பா முடித்துவிட்டார். அப்பா மயில்சாமி, பல்லடத்தில் விசைத்தறி ஓட்டியவர். அம்மா போன கொஞ்ச நாளிலேயே அவர் இடுப்பும் போய்விட்டது. அதற்குப் பிறகு அவர் பாரத்தை முருகன் மேல் போட்டார், முருகன் அதை என் மேல் போட்டான்.

குழந்தை பரணி நட்சத்திரத்தில் பிறந்தது. அப்பாவுக்கு அதில் ஒரு குறை. "இன்னொரு நாள் பொறுத்திருந்தா கிருத்திகையாப் போயிருக்கும், முருகன் நட்சத்திரம்" என்று ஆஸ்பத்திரியில் வைத்தே சொன்னார். "அதென்ன பஸ்ஸுங்களா, நிறுத்தி வெச்சு ஏத்தறதுக்கு?" என்றேன். தேஜஸ்ரீ தையல் வலியோடு சிரித்தாள். பரணிக்கு லி, லு, லே, லோ என்று எழுத்து. அதில் பெயர் தேடினால் லீலாவதியும் லோகநாயகியும்தான் அகப்பட்டார்கள். இரண்டு பேரும் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள், இரண்டு பேரோடும் எங்களுக்குத் தண்ணீர்க் குழாய்ச் சண்டை.

எங்கள் பக்கத்தில் குழந்தைக்குப் பெயர் சொல்வது அத்தையின் உரிமை. தொட்டிலில் போட்டு, காதில் மூன்று தடவை சொல்ல வேண்டும். அத்தைக்கு அதைத் தவிர பெரிதாக ஒன்றும் கிடையாது, ஆனால் அதை அவளிடமிருந்து யாரும் பிடுங்கவும் முடியாது. நான் ஒன்றும் பெயர் யோசித்து வைத்திருக்கவில்லை. "அக்கா, என்ன பேர் வெக்கலாமுங்க?" என்று என்னிடம் ஒரு வார்த்தை கேட்பார்கள் என்று மட்டும் எதிர்பார்த்தேன். கேட்ட பிறகு யோசிக்கலாம் என்று இருந்தேன்.

குழந்தை வீட்டுக்கு வந்த வாரம், கம்பெனியில் ஒதுக்கிய பீஸ்களிலிருந்து ஒரு லேயாவைக் கேட்டு வாங்கி வந்தேன். திருப்பூரில் பாதிப் பேர் உடம்பில் இருப்பது ரிஜெக்ட் பீஸ்தான், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பட்டனை நானே பிடுங்கிவிட்டு நாடா வைத்துத் தைத்தேன். கழுத்தில் தொங்கிய அட்டையை மட்டும் கழற்ற மறந்துவிட்டேன். மறுநாள் சாயங்காலம் நான் வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே தேஜஸ்ரீ அந்த அட்டையைத் தூக்கிக் காட்டிக்கொண்டு வந்தாள்.

"அண்ணி, பேர் கெடைச்சிருச்சுங்க. லேயா! நம்ம லே எழுத்தே வந்திருச்சு பாருங்க. போன்ல பாத்தனுங்க, மென்மையானவன்னு அர்த்தம் போட்டிருக்குது. நீங்க கொண்டாந்த துணியிலேயே வந்த பேருங்க."

"உங்களுக்குத்தானுங்க்கா கிரெடிட்டு" என்றான் குணா, குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு. அதற்குள் அவன் ஆபீஸில் நாலு பேருக்குச் சொல்லியும் விட்டிருந்தான்.

எட்டிப் பார்த்தால், நான் நாடா வைத்த உடுப்புக்குள் குழந்தை பாட்டுக்குக் கையை மடக்கித் தூங்கிக்கொண்டிருந்தது. இனி இந்த வீட்டில் விடிந்து எழுந்தால் லேயா, குளிக்க வைத்தால் லேயா, பள்ளிக்கூடத்துக்குப் போனால் லேயா. "நல்லா இருக்குது" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய் மாவைக் கரைத்தேன். கரைத்த வேகத்தில் பாதி மாவு மேடையில் கிடந்தது.

அடுத்த நாள் டீ நேரத்தில் ஜெபசீலியிடம் கொட்டித் தீர்த்தேன். ஜெபசீலி சாத்தான்குளத்துப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவள், என் மேஜையில் எனக்கு எதிர் இடம். கேட்டுவிட்டு அவள் சிரித்தாள்.

"எக்கா, அது எங்க வேதத்துல உள்ள பேருல்லா. லேயாள்னு சொல்லுவோம். அக்கா தங்கச்சி ரெண்டு பேரு. தங்கச்சி ராகேலு நல்ல அழகு. ஒருத்தன் வந்து, இவளக் கட்டித் தாங்கன்னு அவ அப்பங்கிட்ட ஏழு வருஷம் வேல செஞ்சான். கல்யாணத்தன்னைக்கு அப்பங்காரன் முக்காடு போட்டு மூத்தவள அனுப்பி வச்சிட்டான். விடிஞ்சு பாத்தா, லேயா!"

"அடப்பாவமே. அப்புறம்?"

"மாப்பிள கேட்டான், ஏன் இப்படிச் செஞ்சீருன்னு. எங்க ஊர்ல மூத்தவ இருக்கைல இளையவளக் குடுக்குற வழக்கம் கெடையாதுன்னுட்டாரு மாமனாரு. பொறவு இன்னும் ஏழு வருஷம் பாடுபடுதேன்னு சொல்லி அவன் தங்கச்சியையும் கெட்டிக்கிட்டான். லேயாள ஒருத்தரும் விரும்பிக் கேக்கல. அவளுக்குக் கண்ணு வேற அவ்வளவு தெளிவு இல்லைன்னு சொல்லுவாவ."

"செக்கிங் வேலைக்குப் போயிருப்பா" என்றேன்.

ஜெபசீலி டீ புரையேறச் சிரித்தாள். பிறகு, "அந்தப் பேருக்கு அர்த்தம்கூட களைச்சுப்போனவன்னு எங்க ஊர்ல ஒரு தடவ பிரசங்கத்துல சொன்னாவ. எனக்குச் சரியா ஞாபகம் இல்லக்கா, போன்ல பாருங்க" என்றாள்.

பார்த்தேன். சாயங்காலம் பஸ்ஸில் கம்பியில் சாய்ந்து நின்றுகொண்டு, எழுத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் படித்தேன். எபிரேயம் என்பது யூதர்களுடைய பழைய பாஷை. அதில் களைத்துப்போவதற்கு உள்ள சொல்லிலிருந்து லேயா வந்தது என்று ஒரு சாரார் சொல்கிறார்களாம். இல்லை, அதையும்விடப் பழைய, பாபிலோன் பக்கத்துப் பாஷையில் பசுவுக்குள்ள சொல்லோடு சேர்ந்தது என்று வேறு சிலர் சொல்கிறார்களாம். தங்கை ராகேலின் பெயருக்குச் செம்மறி ஆடு என்று அர்த்தம். தேஜஸ்ரீ படித்த 'மென்மை' அவள் கண்களைப் பற்றிய பேச்சிலிருந்து வந்திருக்க வேண்டும். மூலத்தில் அவள் கண்ணைப் பற்றி இருக்கிற சொல்லைச் சிலர் மங்கல் என்கிறார்கள், சிலர் மென்மை என்கிறார்கள் என்று போட்டிருந்தது. எனக்கு அதெல்லாம் வேண்டாம். களைத்தவள் என்பது போதும். குழந்தைக்கு யாராவது அப்படிப் பெயர் வைப்பார்களா? பஸ்ஸை விட்டு இறங்கும்போது, நாள் முழுக்க நின்ற கால் மாதிரியே இல்லை, அவ்வளவு வேகமாக நடந்தேன்.

வீட்டில் அப்பா, குணா, தேஜஸ்ரீ மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். நான் தோசை சுட்டுக்கொண்டே விஷயத்தை எடுத்தேன். கதையைச் சொல்லவில்லை, அர்த்தத்தை மட்டும் சொன்னேன். சொல்லும்போது என் குரலில் சந்தோஷம் இருந்தது. நான் அதை மறைக்கவும் இல்லை.

தேஜஸ்ரீக்கு முகம் சுருங்கிவிட்டது. "களைச்சுப்போனவளா? அய்யோ, அப்படி ஒண்ணும் போடலீங்களே அண்ணி" என்றாள். குணா சாப்பிட்ட கையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு இடது கையால் போனைத் தடவினான்.

"ஆமா, போட்டிருக்குது" என்றான். "பசுன்னும் ஒரு அர்த்தம் இருக்குதாமா."

"பசுன்னா லட்சுமிதானுங்களே" என்று தேஜஸ்ரீ அதைப் பிடித்துக்கொள்ளப் பார்த்தாள்.

"மாடா ஒழைக்கிறவளுக்குத்தான களைப்பு வரும்" என்றேன் நான். "ரெண்டும் ஒண்ணுதான்."

அப்போது குணா போனிலிருந்து கண்ணை எடுக்காமலேயே சிரித்துக்கொண்டு சொன்னான்: "அந்தப் பேரே வேண்டாம் விடு. நம்ம ஊட்டுக்கு ஒருத்தி போதும்."

தேஜஸ்ரீ அவன் தொடையில் கிள்ளினாள். அவன் "ஆ" என்று நிமிர்ந்து பார்த்து, அப்புறம்தான் நான் அங்கே நிற்பது தெரிந்தது மாதிரி தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டான். அப்பா தண்ணீர் டம்ளரை எடுத்துக் குடித்தார். அதில் தண்ணீர் இல்லை. கல்லில் தோசை கருகிக்கொண்டிருந்தது, திருப்பிப் போட்டேன்.

அவன் சொன்னது எனக்கு வலிக்கவில்லை. கேலி அவன் கூடப்பிறந்தது. அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது என்பதுதான் என்னைப் போட்டு அறைந்தது. இத்தனை வருஷமும் நான் ஒன்றை நம்பிக்கொண்டிருந்தேன். என் அலுப்பு யாருக்கும் தெரியாது, அவ்வளவு சாமர்த்தியமாக மறைத்து வைத்திருக்கிறேன், தெரிந்தால் சும்மா இருப்பார்களா என்று. தெரிந்துதான் இருந்திருக்கிறது. தெரிந்துதான் அடுத்த தோசைக்குத் தட்டை நீட்டியிருக்கிறார்கள். அப்பா, தம்பி, நேற்று வந்த பெண் வரைக்கும் மூன்று பேருக்கும் தெரியும்.

மறுநாள் கம்பெனியில் ஒரு பையன் லேயா கட்டு ஒன்றைத் தொப்பென்று மேஜையில் எறிந்தான். "மெதுவா வெய்யி" என்று அவனைச் சத்தம் போட்டேன். ஜெபசீலி என்னை நிமிர்ந்து பார்த்தாள். முதல் நாள் வரைக்கும் நானே அப்படித்தான் எறிந்துகொண்டிருந்தேன். அவளிடம் என்ன விளக்கம் சொல்வது? ஒவ்வொரு உடுப்பாக எடுத்து, முயல் படத்தை நீவிவிட்டு, பட்டனை இழுத்துப் பார்த்து மடித்து வைத்தேன். கண்ணில் வழக்கமான நீர்தான் வந்தது. அன்றைக்கு அது வேறு நீரும்தான்.

மத்தியானம் குணாவிடமிருந்து போனில் ஒரு செய்தி வந்தது. 'லேகாஸ்ரீ ஓகேவாங்க அக்கா? ஞாயிற்றுக்கிழமை வெச்சிரலாம். சமையலுக்கு என்ன வாங்கணும்னு சொல்லுங்க.' கேள்வி என்னவோ கேள்விதான். ஆனால் அதற்கு முன்னாலேயே தேஜஸ்ரீ அந்தப் பெயரைத் தன் போன் ஸ்டேட்டஸில் குழந்தை படத்துக்குக் கீழே எழுதி வைத்திருந்ததை நான் பார்த்துவிட்டேன். பருப்பு, வெல்லம், வாழையிலை என்று பதில் அனுப்பினேன்.

சனிக்கிழமை லேயா கப்பலுக்குக் கிளம்பினாள். கடைசிப் பெட்டி லாரியில் ஏறியதும் ஜெபசீலி கையைத் தட்டித் தூசியை உதறி, "ஒருவழியாப் போய்ச் சேர்ந்தா" என்றாள்.

"போகட்டும், பாவம்" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை எல்லோருக்கும் லீவு, எனக்குப் பெயர் சூட்டு விழா. விடியும்போதே எழுந்து வாசல் தெளித்து, பருப்பு வேகவைத்து, வடைக்கு அரைத்து, பாயசத்தை இறக்கி வைத்தேன். சொந்தக்காரர்கள் பல்லடத்திலிருந்தும் பொங்கலூரிலிருந்தும் வந்து நிறைந்துவிட்டார்கள். ஒவ்வொருத்தரும் குழந்தையின் மூக்கு யார் மாதிரி என்று தீர்ப்புச் சொன்னார்கள். "மது இருக்கறதனால குணாவுக்குக் கவலையில்ல" என்று ஒரு பெரியம்மா என் முதுகில் தட்டினாள். தட்டிய இடம் இடுப்புவரை வலித்தது.

குழந்தையைத் தொட்டிலில் போட்டதும் அப்பா முருகனுக்குக் கற்பூரம் காட்டினார். "வா கண்ணு, அத்தை வந்து பேர் சொல்லு" என்று என்னைக் கூப்பிட்டார். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு போனேன். பட்டுப் பாவாடை மாட்டியதும் குத்தியதால் குழந்தை அழுததாம். நான் கொண்டுவந்த அந்த முயல் உடுப்பைத்தான் தேஜஸ்ரீ மறுபடி போட்டுவிட்டிருந்தாள். குனிந்து, வெற்றிலையால் காதை மறைத்து, லேகாஸ்ரீ, லேகாஸ்ரீ, லேகாஸ்ரீ என்று மூன்று தடவை சொன்னேன். பெற்றவர்கள் ஆசைப்பட்ட பெயர், அதில் நான் வம்பு செய்யவில்லை. எல்லோரும் கைதட்டினார்கள்.

நான் நிமிரவில்லை. குழந்தை முழித்துக்கொண்டு என் கண்ணையே பார்த்தது. வெற்றிலையை எடுக்காமல் இன்னும் ஒன்று சொன்னேன். அது என் உரிமை, அதற்கு யாரும் போனில் செய்தி அனுப்ப வேண்டியதில்லை.

"அலுப்பா இருந்தா படுத்துக்கோ கண்ணு. யார் கூப்பிட்டாலும் எந்திரிக்காத."

"என்னங்க அண்ணி சொன்னீங்க?" என்றாள் தேஜஸ்ரீ.

"பேர்தான்" என்றேன்.

பிறகு நேராக உள் அறைக்குப் போனேன். யாரோ கைப்பையும் துண்டும் கட்டிலில் போட்டிருந்தார்கள். அவற்றை ஒரு ஓரமாக ஒதுக்கிவிட்டு, மின்விசிறியைப் போட்டு, சுவரைப் பார்த்துப் படுத்தேன். வெளியே பேச்சும் சிரிப்பும் பாத்திரச் சத்தமுமாக இருந்தது. யாரோ வந்து திட்டப் போகிறார்கள் என்று காத்திருந்தேன். யாரும் திட்டவில்லை, கொஞ்ச நேரத்தில் கூப்பிட ஆரம்பித்தார்கள். முதலில் ஒரு தடவை "மது" என்றார் அப்பா. அப்புறம் "அண்ணி" என்ற சத்தம் வந்தது. அப்புறம் குணாவே வாசலில் வந்து நின்றான்.

"அக்கா, எல்லாரும் உக்கோந்துட்டாங்க, எல போடோணுங்க. ஒடம்புக்கு ஏதாச்சுமுங்களா?"

"ஒடம்புக்கு ஒண்ணுமில்ல" என்றேன் சுவரைப் பார்த்தபடியே. "எனக்குக் களைப்பா இருக்குது குணா."

அந்த வார்த்தையை அந்த வீட்டில் நான் அதற்கு முன்பு சொன்னதே இல்லை. சொன்னதும் கண்ணில் நீர் வழிந்து காதுக்குள் போயிற்று. அவன் போய்விட்டான் என்றுதான் நினைத்தேன். போகவில்லை, வாசலிலேயே காலை மாற்றி மாற்றி நின்றுகொண்டிருந்தான்.

"சரிங்க்கா, படுங்க" என்றான் கடைசியில், சின்ன வயசுக் குரலில். "நான் போட்டுக்கறன். எலக்கட்டு எங்கீங்க்கா வெச்சிருக்கீங்க?"

"தேடு" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன்.